பூசைக்கு விலகி நிண்ட பிள்ளை

பிள்ளையள், இனி நீங்கள் ஊர் ஊராய்ப் போய் மற்றவையின்ரை கேற்றைத் தட்டப்போறியள். அதாலை நானும் ஒரு கேற்றிலையிருந்துதான் துடங்கப்போறன். உங்கடை பயிற்சிப் புத்தகத்தைப் பாத்தன். வடிவாய்த்தான் அடிச்சிருக்கினம். கட்டாய வேலை எண்டால் என்ன, ஆக்களைக் கடத்துறதெண்டால் என்ன, சட்டத்திலை என்ன கிடக்கு, எல்லாம் அதிலை இருக்கு. அதை நான் திருப்பிச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவியள், எனக்குக் கோபம் வரும். நான் இளைப்பாறியிட்டன், என்ரை கோபம் இன்னும் இளைப்பாறேல்லை எண்டு இந்தக் கொக்குவில் கந்தோரிலை எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் மிளகாய்த்தூளும், பனங்கிழங்கைக் காயவைச்சு இடிக்கிற ஒடியல்மாவும் லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்புற கொம்பனி. பைக்கற்றிலை எங்கடை பேர் இருக்கு. ஆனால் உள்ளுக்கை இருக்கிற செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினது எங்கடை கையில்லை. அது ஆற்றை கை, அந்தக் கைக்காரி விரும்பித்தான் அங்கை இருக்கிறாளோ, அவள் நினைச்ச நேரம் எழும்பி வீட்டை போகலாமோ எண்டு போய்ப் பாக்கிறதுதான் என்ரை உத்தியோகம். இனி அது உங்கடை உத்தியோகம்.

கேற்றுக்கு வாறன். சாவகச்சேரியிலை, கண்டி வீதியிலையிருந்து கொஞ்சம் உள்ளுக்கை ஒரு மில். முன்னுக்கு முதலாளியின்ரை வீடு. பின்னுக்கு செத்தல் காயப்போடுற முத்தம், காம்பு கிள்ளுற கொட்டில், வேலை செய்யிற பிள்ளையள் தங்கிற அறையள். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவிலை நீலப் பெயின்ற் அடிச்ச தகரக் கேற். அதிலை எப்பவும் பூட்டுத் தொங்கும். நானும் எத்தினையோ முறை அந்தக் கேற்றாலை போய் வந்தனான், என்னோடை வந்தவையும் போய் வந்தவை. ஒருத்தரும் அதை ஒரு விசயமாய் எடுக்கேல்லை.

ஏனெண்டு கேளுங்கோ. வேலை செய்த பிள்ளையள் எல்லாரும் மலையகத்துப் பெண்பிள்ளையள். ஒரு ஏஜென்ற் கூட்டிக்கொண்டு வந்து விட்டவன். முதலாளி ஞானம் அண்ணை சொல்லுவார், “தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளையள். தாய் தேப்பன் எங்களை நம்பி விட்டிருக்கினம். ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் ஊர் என்ன கதைக்கும்?” நாங்களும் தலையாட்டுவம். ஆட்டாமல்? எங்கடை வீடுகளிலையும் பொழுதுபட்டால் பெட்டையளை உள்ளுக்கை எடுத்துக் கேற்றைச் சாத்துறதுதானே வழக்கம். அந்தப் பூட்டைக் கண்டால் கொழும்பிலையிருந்து வாற ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு மரியாதைதான் வந்தது. நல்ல கட்டுப்பாடான இடம் எண்டு நினைச்சம்.

ஞானம் அண்ணையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சைவப்பழம். ஊரிலை ஒரு செத்தவீடு எண்டால் முதல் ஆளாய் நிப்பார். பந்தலுக்குத் தடி வெட்டுறதிலையிருந்து சுடலையிலை கடைசி ஆள் திரும்புமட்டும் அந்த மனுசன் வீட்டை போகாது. என்ரை அப்பா மோசம் போன நேரம் தெல்லிப்பழைக்கு வந்தவர். நாங்கள் வேதக்காரர். எங்கடை பாதிரியார் நீளமாய் ஜெபம் பண்ணுறவர். அது முடியுமட்டும் வெய்யிலுக்கை கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர் ஞானம் அண்ணை. அப்பிடி ஒருத்தரை நீங்கள் என்னெண்டு சந்தேகப்படுவியள்?

ஒரு வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போனன். என்னோடை எங்கடை கொம்பனியிலை சாமானின்ரை தரம் பாக்கிறவரும் வந்தவர். என்னிலும் கொஞ்சம் வயசு குறைஞ்ச மனுசன், நல்லவர், சரியான கூச்சக்காரன். வெள்ளிக்கிழமையிலை அங்கை வேலை துடங்க முந்திப் பூசை. கொட்டிலுக்கை சாமிப்படம் இருக்கு. ஞானம் அண்ணை சாம்பிராணி போட்டு, மணி அடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுவார். நல்ல குரல். பிள்ளையள் எல்லாம் படத்தைப் பாத்துக்கொண்டு கும்பிட்டபடி நிப்பினம். பேந்து திருநீற்றுத் தட்டு வரும்.

நான் வழமைபோலை பின்னுக்கு, வாசல் பக்கமாய் விலகி நிண்டன். அண்டைக்கு எனக்குப் பக்கத்திலை இன்னொருத்தியும் நிண்டாள். மெலிஞ்ச பிள்ளை, இருவது வயசு மதிக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப்போய் மெல்லமாய்க் கேட்டன், “பிள்ளையும் வேதமோ?”

“இல்லைங்க. தீட்டு.”

தீட்டு எண்டு அவை சொல்லுறதைத்தான் நாங்கள் துடக்கு எண்டு சொல்லுறது. சரி, மாதத்துடக்கு எண்டு நினைச்சு நான் பேசாமல் விட்டன். தரம் பாக்கிறவர் அவள் தனிய நிண்டதைக் கண்டவுடனை, அது பொம்பிளையளின்ரை விசயம் எண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிட்டார். அவளின்ரை கண் சிவந்திருந்தது. அதைப் பாத்தும் ஒண்டும் விளங்கேல்லை. செத்தல் கொட்டிலுக்கை எல்லாற்றை கண்ணும் சிவப்புத்தான், எல்லாற்றை மூக்கும் வழியும். அங்கை அழுகிறவளையும் அழாதவளையும் பிரிச்சுப் பாக்கேலாது.

அடுத்த வெள்ளியும் நாங்கள் போகவேண்டி வந்தது. லண்டன் ஓடர் ஒண்டு அவசரம், கொண்டெய்னர் செவ்வாய்க்கிழமை வெளிக்கிட வேணும். போய்ச் சேர்ந்த நேரம் ஞானம் அண்ணை தேவாரம் துடங்கியிட்டார். நான் என்ரை வாசல் பக்கத்துக்குப் போனன். அந்தப் பிள்ளை அங்கை நிண்டாள்.

எனக்குப் பளிச்செண்டு அடிச்சது. போன வெள்ளியும் துடக்கு, இந்த வெள்ளியும் துடக்கோ? மாதத்துடக்கு அப்பிடி நீளாது. இது வேறை துடக்கு.

“பிள்ளை, இன்னும் கழியேல்லையோ?”

அவள் என்னைப் பாக்கேல்லை, சாமிப்படத்தைத்தான் பாத்தாள். “எங்க அம்மா எறந்துட்டாங்க.”

“எப்ப?”

“போன வெள்ளிக்கு மொத நாளு.”

“நீர் போகேல்லையோ?”

“விடலைங்க.”

இந்த ஒரு சொல்லு என்ரை நெஞ்சுக்கை போய் நிண்ட விதத்தை நான் உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? எங்கடை ஊரிலை பங்காளிச் சண்டையிலை வருசக்கணக்காய்க் கதையாமல் இருக்கிறவனும் செத்தவீட்டுக்குப் போவான். ஊருக்குப் பொறுப்பான விதானையார், பொலிசுக்காரன், ஆரெண்டாலும் செத்தவீட்டுக்கு எண்டு கேட்டால் வழி விடுவினம். பெத்த தாயின்ரை செத்தவீட்டுக்கு ஒரு பிள்ளையை விடேல்லை. அதை விடாமல் பண்ணினவர் ஊரிலை ஒரு செத்தவீடும் தவறவிடாத ஞானம் அண்ணை.

அவள் கிசுகிசுத்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையளிலை மேற்பார்வை பாக்கிற மனுசியின்ரை போனிலை, அந்த மனுசி பக்கத்திலை இருந்து கேட்கத்தான் வீட்டோடை கதைக்கலாம். சொந்தப் போனை வந்த அண்டைக்கே வாங்கி வைச்சிட்டினம். அடையாள அட்டையும் அப்பிடித்தான், பொலிஸ் பதிவுக்கு எண்டு வாங்கினது திரும்பி வரேல்லை. ஏஜென்ருக்குக் குடுத்த காசு சம்பளத்திலை கழியுமட்டும் ஒருத்தரும் போகேலாது எண்டு சொல்லிப்போட்டினம். தாய் செத்த செய்தியும் அந்தப் போனுக்குத்தான் வந்துதாம், கேட்டு இவள் குளறி அழுதாளாம். ஞானம் அண்ணை வந்து ஆறுதலாய்த்தான் கதைச்சாராம். “நீ போறதுக்குள்ள எரிச்சுருவாங்க, இனி போயி என்ன பண்ணப்போறே, ஓடர் முடியட்டும்னாரு. தீட்டோட சாமி பக்கத்துல வராதன்னு மட்டும் சொன்னாருங்க.”

கேட்டியளோ பிள்ளையள்? துடக்கை மட்டும் வலு கவனமாய்க் காத்திருக்கிறார்.

தேவாரம் கடைசி அடிக்கு வந்திட்டுது. எனக்கு அந்தப் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் எங்கடை கொம்பனி வானுக்கை ஏத்திப்போட்டுப் பிறகு யோசிப்பம் எண்டு இருந்தது. உங்களுக்கும் ஒரு நாளைக்கு அப்பிடி இருக்கும், அப்ப என்னை நினையுங்கோ. நான் ஏத்தேல்லை. கேட்டன், “உமக்கு இப்ப என்ன வேணும்?”

அதை ஒருத்தரும் அவளிட்டைக் கேட்டிருக்கமாட்டினம். கொஞ்சம் திகைச்சுப்போய்ப் பிறகு சொன்னாள், “கருமாதிக்கு ஊட்டுக்குப் போவணுங்க. வர்ற வியாழக்கெழம. என் தங்கச்சியும் இங்கதான் இருக்கா, அழுவான்னு பூச நேரத்துல ரூமுலயே இருக்கச் சொல்லிர்றாங்க, அவளயும் கூட்டிக்கிட்டுப் போவணும். நான் சொன்னேன்னு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா தங்கச்சிய வேற எடத்துக்கு மாத்திருவாங்க, ஏஜென்டு அப்பிடித்தான் செய்வாரு.”

பாருங்கோ, நான் அவளை இழுத்துக்கொண்டு போயிருந்தால் தங்கச்சி உள்ளுக்கை. அவளுக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும் எண்ட நினைப்பிலை நான் அவளின்ரை தங்கச்சியைத் துலைச்சிருப்பன். அவளின்ரை பேர் புவனா எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. உண்மைப் பேரை உங்களுக்கும் சொல்லமாட்டன்.

மணி நிண்டுது. ஞானம் அண்ணை திருநீற்றுத் தட்டோடை திரும்பினார். எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு வந்து என்னைக் கண்டு சிரிச்சார். “தங்கச்சிக்குக் குடுத்துக் கரைச்சல் படுத்தக்கூடாது, பாதிரியார் பேசுவார். வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்.”

குடிச்சன். விறாந்தையிலை இருந்து, அவற்றை மனுசி தந்த பால் தேத்தண்ணியைக் குடிச்சு, பருத்தித்துறை வடையையும் கடிச்சு, அவற்றை மகளின்ரை கலியாணப் பேச்சைக் கேட்டுச் சிரிச்சன். என்ரை உத்தியோகத்திலை நான் செய்த பெரிய வேலை எது எண்டு கேட்டால் அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சதைத்தான் சொல்லுவன். அண்டைக்கு என்ரை முகத்திலை ஏதும் தெரிஞ்சிருந்தால், வாசல் பக்கம் என்னோடை ஆர் நிண்டது எண்டு அந்த மனுசன் யோசிச்சிருப்பார். வெளிக்கிடேக்கைதான் கண்டன், அந்த நீலக் கேற்றிலை பூட்டு வீட்டுப் பக்கம் தொங்கினது. பிள்ளையளின்ரை பாதுகாப்புக்கெண்டால் பூட்டு அவையின்ரை பக்கமெல்லோ இருக்கவேணும், திறப்பு அவையின்ரை கையிலையெல்லோ? போற இடமெல்லாம் பூட்டு எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ.

வானுக்கை ஏறினாப்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தரம் பாக்கிறவர் பயந்துபோனார். விசயத்தைச் சொன்னன். மனுசன் தலையிலை கையை வைச்சார். “அக்கா, அவள் விலகி நிண்டதை நானும் ரெண்டு வெள்ளியும் கண்டனான். பொம்பிளையளின்ரை விசயம், பாக்கிறது மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்.” அவரை நான் குறை சொல்லேல்லை. நல்ல வளர்ப்பு அது. எங்கடை நல்ல வளர்ப்புக்குப் பின்னாலை சிலர் நல்லாய் ஒளிச்சு நிப்பினம் எண்டதை மட்டும் நினைவிலை வைச்சிருங்கோ.

கந்தோருக்கு வந்து டிறெக்டரிட்டைப் போனன். அவர் லண்டனிலை படிச்சுப்போட்டு வந்த ஆள், கெட்டிக்காரன், சாமான் வாங்குற லண்டன்காரருக்குச் சரியான பயம். கேட்டவுடனை முகம் கறுத்துப்போச்சு.

“இண்டைக்கே அந்தாளை வெட்டுங்கோ. இனி அவரிட்டை ஒரு மூட்டையும் எடுக்கிறேல்லை. நாங்கள் கண்டுபிடிச்ச உடனை விலகியிட்டம் எண்டு இருக்கவேணும்.”

“வெட்டினால் எங்கடை கை சுத்தமாகும், ஐயா. அந்தப் பிள்ளை?”

“அதை அரசாங்கம் பாக்கும்.”

அவருக்கு நான் இறால் கதையைச் சொன்னன். உங்களுக்கும் சுருக்கமாய்ச் சொல்லுறன். அவர் வர முந்தி, நாங்கள் இறால் கருவாடும் அனுப்பின காலம், கரையோரத்திலை ஒரு கொட்டிலிலை இப்பிடி ஒரு சந்தேகம் வந்தது. அப்ப இருந்த பெரியவர் அதே நாளிலை கொடுக்கல் வாங்கலை நிப்பாட்டினார். எல்லாரும் கை தட்டினம். கொஞ்ச நாளிலை அந்தப் பக்கம் போன ஒருத்தர் சொன்னார், கொட்டில் வெறுமையாய்க் கிடக்கு, ஒரு நாய்தான் படுத்திருக்கு எண்டு. அங்கை வேலை செய்த பொம்பிளையளை எங்கை கொண்டுபோனவை எண்டு இண்டைக்குவரை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வாங்குற மட்டும்தான் எங்களுக்கு அந்தக் கேற் திறக்கும். வெட்டினால் உள்ளுக்கை போக ஒரு சாட்டும் இல்லை.

டிறெக்டர் மேசையிலை இருந்த கலண்டரைத் திருப்பிப் பாத்தார். பிறகு, “கொண்டெய்னர்?” எண்டார்.

“பிந்தும்.”

“பிந்தினால் அவை என்ன சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும். உங்கடை அம்மா இருக்கிறாவோ, ஐயா?”

அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. வந்த விசருக்கு வாயிலை வந்திட்டுது. மனுசன் எழும்பி யன்னலடிக்குப் போய் ரெயில் தண்டவாளத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். வேலையிலையிருந்து என்னை நிப்பாட்டப்போறார் எண்டு நினைச்சன். திரும்பி வந்து, “வியாழனுக்கு முந்தி அந்தப் பிள்ளை வீட்டை நிக்கவேணும். என்னெண்டு செய்வீங்களோ தெரியாது” எண்டார். அண்டையிலையிருந்து எனக்கு அந்த மனுசனிலை மரியாதை.

தரம் பாக்கிறவர் உடனை பொலிசோடை போவம் எண்டு நிண்டார். பொலிசுக்குப் போறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. அடி உதை, சின்னப் பிள்ளையள், உயிராபத்து எண்டால் அதுதான் முதல் வேலை, ஒரு நிமிசமும் யோசியாதையுங்கோ. இஞ்சை எனக்கிருந்த பயம் வேறை. ஒரு சத்தம் வெளிக்கிட்டால், ஆர் வாய் திறந்தது எண்டு அங்கை தேடுவினம். தாய் செத்து அழுதுகொண்டு நிக்கிறவளை விட்டு வேறை ஆரைத் தேடுறது?

தொழில் திணைக்களத்திலை ஒரு பெண் உத்தியோகத்தர், என்னிலும் வயசு குறைஞ்சவ. அவவிட்டை ஒண்டும் மறைக்காமல் எல்லாத்தையும் சொன்னன். அவ கேட்டுப்போட்டு, “அக்கா, ஒரு இடத்துக்கு மட்டும் போனால் அது அவளைக் காட்டிக்குடுக்கும். எல்லா இடத்துக்கும் போவம்” எண்டா. கேற்றைத் திறக்காட்டில் பொலிசைக் கூப்பிடுறதுக்கும் ஒழுங்கு செய்து வைச்சா. அப்பிடித்தான் செய்தம். எங்களுக்குச் சாமான் தாற எல்லா மில்லுக்கும், எல்லா ஒடியல் கொட்டிலுக்கும் ஒரே கதை. ஆற்றை அடையாள அட்டை அவரவர் கையிலை. போன் அவரவர் கையிலை. கேற்றுத் திறப்பு உள்ளுக்கை இருக்கிறவையின்ரை கையிலை. வீட்டை போட்டு வர விரும்புற ஆளுக்கு லீவு, பஸ் காசு கொம்பனி தரும், பிந்துற ஓடருக்கு நாங்கள் பொறுப்பு. திங்கட்கிழமை துடங்கி, வழியிலை இருந்த எல்லா இடத்துக்கும் ஏறி இறங்கி, செவ்வாய் மத்தியானம் போலை ஞானம் அண்ணையின்ரை வாசலிலை நிண்டம்.

மனுசன் சிரிச்சுக்கொண்டுதான் வந்தார். கதையைக் கேட்டதும் சிரிப்புப் போட்டுது.

“தங்கச்சி, உதென்ன புதுக் கூத்து? என்ரை பிள்ளையள் மாதிரி வைச்சிருக்கிறன். தீவாளிக்கு உடுப்பு, பொங்கலுக்கு உடுப்பு. ஆரும் போகவேணும் எண்டு கேட்டவையோ? வாங்கோ, உங்களுக்கு முன்னாலையே கேட்கிறன். ஆருக்கடி வீட்டை போகவேணும், கையைத் தூக்குங்கோ எண்டு கேட்கிறன், பாருங்கோ.”

வெளிக்கிட்டிட்டார் கொட்டிலுக்கு. அந்தக் கேள்வியை அவர் கேட்டால் எல்லாம் முடிஞ்சுது. அவர் முன்னாலை நிண்டு கேட்க ஒருத்தியும் கை தூக்கமாட்டாள். ஒருத்தருக்கும் போக விருப்பமில்லை எண்டு உத்தியோகத்தரும் எழுதவேண்டி வரும். அதோடை வியாழக்கிழமையும் போய்விடும்.

“அண்ணை, நில்லுங்கோ,” எண்டன். என்ன சொல்லுறதெண்டு தெரியாமல்தான் கூப்பிட்டன். பிறகுதான் வாய் வந்தது. “மற்ற எல்லா இடத்திலையும் அடையாள அட்டை குடுத்தாச்சு. உங்கடை இடம்தான் மிச்சம். ஞானம் அண்ணைதான் கடைசியாய்க் குடுத்தவர் எண்டு நாளைக்கு எல்லாரும் கதைக்க விடப்போறியளோ?”

அந்த மனுசனை எனக்குத் தெரியும். எதிலையும் முதல் ஆளாய் நிண்டு பழகினவர். கொஞ்ச நேரம் என்ரை முகத்தைப் பாத்தார். “துலைச்சுப்போடுவாளவை,” எண்டு முணுமுணுத்தபடி அலுமாரியைத் திறந்தார். அட்டையளும் போனுகளும் ஒரு பிஸ்கற் ரின்னுக்கை கிடந்தது. உத்தியோகத்தர் அதை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்கை போனா. நான் ஞானம் அண்ணையைத் தனிய விடேல்லை. “அண்ணை, செத்தல் வறுக்கிற இடத்தை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ, லண்டன்காரர் அதைப் பற்றிக் கேட்கினம்” எண்டு கூட்டிக்கொண்டு போனன். வந்த ஆள் கேட்டால் காட்டாமல் இருக்க அவருக்கு மனம் வராது. அடுப்பு, தாச்சி, புகை போற குழாய் எண்டு எல்லாத்தையும் காட்டினார். எனக்கு ஒண்டும் காதிலை விழேல்லை.

தரம் பாக்கிறவரை அவரோடை அங்கை நிப்பாட்டிப்போட்டு நான் திரும்பிக் கொட்டிலுக்கை வந்தன். எல்லாற்றை கையிலையும் அட்டை இருந்தது. ஒருத்தி தன்ரை படத்தைத் தடவிப் பாத்துக்கொண்டு இருந்தாள். உத்தியோகத்தர் சொல்லிக்கொண்டிருந்தா, கண்டி பஸ்சுக்கு வான் கொண்டுபோய் விடும், போறவை போகலாம், நிக்கிறவை நிக்கலாம், ஒருத்தரும் காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு.

ஒருத்தரும் அசையேல்லை. புவனாவும் அசையேல்லை. தங்கச்சி அவளின்ரை சட்டை நுனியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள். நான் உள்ளுக்கை ஜெபம் பண்ணினன், ஆண்டவரே, அவள் முதல் எழும்பக்கூடாது, வேறை ஆரெண்டாலும் எழும்பவேணும் எண்டு.

எழும்பினது ஆர் தெரியுமோ? நாங்கள் எப்ப போனாலும் “நாங்க நல்லாத்தான் இருக்கோம், மொதலாளி தங்கமானவரு” எண்டு முந்திக்கொண்டு சொல்லுற ஒரு வயசு கூடின மனுசி. மடியிலை கிடந்த செத்தலைத் தட்டிவிட்டு எழும்பி, “நான் போறேன்,” எண்டு சொல்லிப்போட்டுத் தன்ரை பையை எடுக்கப் போட்டா. பிறகு மற்றவை ஒவ்வொருத்தராய் எழும்பினம். அந்த நெரிசலுக்கை புவனாவும் தங்கச்சியும் எழும்பினதை நானே தேடித்தான் கண்டன். சிலபேர் எழும்பாமல் இருந்தவை. அது அவையின்ரை விருப்பம்.

சாவகச்சேரி பஸ் ஸ்ராண்டிலை கண்டி பஸ் வந்தது. எல்லாருக்கும் என்ரை போன் நம்பரைக் குடுத்தன். ஏறினவை கை காட்டிச்சினம், “போயிட்டு வர்றோங்க” எண்டிச்சினம். புவனா மட்டும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. தங்கச்சியை முன்னுக்கு ஏத்திப்போட்டு, என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்துப்போட்டு ஏறியிட்டாள். நானும் ஒண்டும் சொல்லேல்லை.

அடுத்த கிழமை நான் திரும்ப மில்லுக்குப் போனன். போகத்தான் வேணும், அங்கை நிண்டவையைப் பாக்கவேணுமே. ஏஜென்ற் விசயத்தை உத்தியோகத்தர் கையிலை எடுத்திட்டா. நீலக் கேற்றிலை பூட்டு மற்றப் பக்கம் மாறியிருந்தது. ஞானம் அண்ணை விறாந்தையிலை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தார்.

“எல்லாம் சரி, தங்கச்சி. ஆனால் மனம் கேட்குதில்லை. இவ்வளவு நாள் சோறு போட்டனான். இந்தப் படலையாலை போகேக்கை போட்டு வாறம் எண்டு ஒருத்தி சொன்னவளே? ஒரு சொல்?”

எனக்கு நாக்கு நுனியிலை வந்திட்டுது. செத்தவீட்டிலையிருந்து போறவை சொல்லிக்கொண்டு போறேல்லை, அண்ணை, அது உங்களை விட ஆருக்குத் தெரியும் எண்டு கேட்கவேணும் போலை இருந்தது. கேட்டிருந்தால் அந்த மனுசன் உடைஞ்சுபோயிருப்பார், எனக்கும் நல்ல சந்தோசமாய் இருந்திருக்கும். அந்தச் சொல்லை விழுங்கினன். அப்பிடிக் கேட்டால் எந்தச் செத்தவீடு எண்டு அவருக்கு விளங்கும், ஆர் சொன்னது எண்டும் விளங்கும். ஏஜென்ருக்கு அவளின்ரை வீட்டு வாசல் தெரியும். உள்ளுக்கை இன்னும் பிள்ளையள் நிக்கினம், பூட்டை அவர் திரும்பவும் மற்றப் பக்கம் மாத்தலாம். “அவசரத்திலை போயிருப்பினம், அண்ணை,” எண்டு சொல்லிப்போட்டு, அவற்றை மனுசி தந்த தேத்தண்ணியைக் குடிச்சன். பிள்ளையள், உங்களுக்கும் நல்ல நல்ல சொல்லெல்லாம் வாயிலை வரும். சொல்ல முந்தி, அது ஆற்றை தலையிலை போய் விழும் எண்டு பாருங்கோ.

அதுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கடை வேதக்கோயிலாலை வந்து சீலை மாத்தமுந்திப் போன் அடிச்சது. தெரியாத நம்பர்.

“நான்தாங்க. பூசைக்கு வராம நின்ன புள்ள.”

“சொல்லும் பிள்ளை.”

“கருமாதி நல்லா முடிஞ்சிருச்சுங்க. அப்பா கூடவே இருக்கோம், நானும் தங்கச்சியும். தீட்டு கழிஞ்சுது. இன்னிக்குக் கோயிலுக்குப் போயி திருநீறு பூசிக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

வேதக்காரி நான், எனக்குத்தான் அதைச் சொல்லவேணும் எண்டு அந்தப் பிள்ளைக்குப் பட்டிருக்கு.

“அன்னிக்கு பஸ்ஸுல ஏறுறப்ப ஒங்ககிட்ட சொல்லிக்கிடலைங்க. தீட்டுல சொல்லக்கூடாதுல்ல. இப்ப சொல்றேன். போயிட்டு வர்றேங்க.”

“போட்டு வாரும் பிள்ளை,” எண்டு சொல்லிப்போட்டு, போனை வைச்ச இடத்திலையே இருந்து அழுதன்.